புதுப்பிப்பு: ஜன்னல் கண்ணாடியைக் கொத்திய தேன்சிட்டு

போன மாதம் கேட்டிருந்தேன்: ஆண் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஒன்று விடிந்ததும் எங்கள் படுக்கையறை ஜன்னலில் வந்து மோதி, கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருந்தது. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது நின்றுவிட்டது.

முதலில் உள்பக்கம் திரை போட்டேன். பலனில்லை, பிம்பம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. "வெளிப்பக்கத்தை மறையுங்கள், தன் பிம்பத்தைப் போட்டி ஆண் என்று நினைத்துச் சண்டை போடுகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் சரி. வெளியே செய்தித்தாள் ஒட்டிய மூன்றாம் நாளே வரவு நின்றது. அப்புறம் பைக் கண்ணாடியைக் கொத்த ஆரம்பித்தது. அதற்கும் ஒரு துணிப்பை மாட்டினேன்.

எதிர்பாராதது, துணிக்கொடிக் கம்பியின் ஓரத்தில் தொங்கிய கூடு. குப்பை என்று நினைத்துத் தட்டிவிடப் பார்த்தேன், நல்லவேளை! சிலந்தி நூலால் பின்னி, மேலே மரப்பட்டைத் துணுக்குகள் ஒட்டி, வாசலுக்கு மேல் சின்னத் தாழ்வாரம்கூட வைத்திருந்தது. கட்டியது முழுக்கப் பெண் பறவைதான். ஆண் கூடவே பறந்ததே தவிர ஒரு நாரும் கொண்டுவரவில்லை. குஞ்சு பொரித்த பிறகு இரண்டுமே இரை கொண்டுவந்தன.

நேற்று இரண்டு குஞ்சுகளும் பறந்துவிட்டன. இன்று செய்தித்தாளைக் கிழித்தேன், இதுவரை கொத்தல் இல்லை. துணியை மட்டும் இன்னும் மாடியில்தான் காயப்போடுகிறோம்.