பழைய மெத்தையை முறையாக அகற்றுவது எப்படி? ஞாயிற்றுக்கிழமைக்குள் உதவி தேவை

மாடிவீட்டுக்காரி (வியாழன், இரவு 9.40)
வணக்கம். எங்கள் வீட்டிலுள்ள பழைய மெத்தை ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்குள் வெளியேற்றியாக வேண்டும். தொடர்மாடியின் குப்பைத் தொட்டிகளுக்கு அருகில் வைக்கக் கூடாது என்று காவலாளி சொல்லிவிட்டார். இருட்டிய பிறகு கடற்கரைப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிடுமாறு பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். அதற்கு எனக்கு மனமில்லை. முறையான வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

தெஹிவளைத் தம்பி (9.52)
அக்கா, அது ஸ்பிரிங் மெத்தையா, ஸ்பொன்ஜ் மெத்தையா, தும்பு மெத்தையா? நீங்கள் எத்தனையாம் மாடியில் இருக்கிறீர்கள், மின்தூக்கிக்குள் அது அடங்குமா? மூட்டைப்பூச்சி இருக்கிறதா? இவை தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது ஊகமாகவே இருக்கும்.

பழைய கணக்கன் (10.05)
இதே கேள்வி இங்கே பல தடவை கேட்கப்பட்டு, ஒவ்வொரு தடவையும் பதிலும் சொல்லப்பட்டிருக்கிறது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் இந்தத் தலைமுறைக்கு ஏன் இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை. மாநகர சபையின் உங்கள் வட்டாரக் கழிவகற்றல் பிரிவைத் தொடர்புகொண்டு, பெரிய பொருளொன்று இருக்கிறது, எப்போது, எங்கே வைக்க வேண்டும் என்று கேளுங்கள். இதற்கு மேல் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

தும்புக்கயிறு (10.20)
பேசுவதற்கு நிறைய இருக்கிறது, ஐயா. தும்பு மெத்தையாக இருந்தால் அதைக் குப்பை என்று சொல்வதே தவறு. உறையைக் கிழித்துத் தும்பைப் பிரித்தெடுத்து, பூச்சாடிகளில் மண்ணுக்கு மேல் பரப்பினால் ஈரம் நன்றாகத் தங்கும். என்னுடைய ஓர்க்கிட் செடிகள் அதில்தான் வளர்கின்றன. ஆனால் ரப்பர் பால் தெளித்து அழுத்திய தும்புத் தட்டாக இருந்தால் அது எளிதில் உக்காது.

கொட்டாஞ்சேனை மருமகன் (10.41)
பழைய இரும்பு வாங்குபவரைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். எந்த மெத்தையையும் அவர்கள் எடுப்பார்கள்.

தெஹிவளைத் தம்பி (10.44)
ஸ்பொன்ஜ் மெத்தைக்குள் இரும்புக்கு எங்கே போவது, அண்ணா?

மாடிவீட்டுக்காரி (வெள்ளி, காலை 6.15)
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். ஸ்பிரிங் மெத்தை, ஆறடிக்கு ஐந்தடி. வெள்ளவத்தையில் நான்காம் மாடி. மின்தூக்கிக்குள் அது அடங்காது. மூட்டைப்பூச்சி இல்லை. அப்பா கடைசி இரண்டு வருடங்கள் இதில்தான் படுக்கையாகக் கிடந்தார். அந்தியேட்டி போன வாரம் முடிந்தது. ஞாயிறு அம்மாவை அழைத்து வருகிறோம். அவர் வரும்போது அந்த அறையில் இது இருக்கக் கூடாது.

பழைய கணக்கன் (6.50)
இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். என் அனுதாபங்கள்.

வளவும் கிணறும் (7.30)
தங்கச்சி, இறந்தவர் படுத்த படுக்கையை வீட்டில் வைத்திருப்பதும் பிறருக்குக் கொடுப்பதும் எங்கள் வழக்கமில்லை. ஊரில் வளவின் மூலையில் வைத்து எரித்துவிடுவோம். கொழும்பில் வளவு இல்லையென்றால் புறநகரில் உறவினர் யாருடைய காணியிலாவது வைத்து எரிக்கலாம்.

தெஹிவளைத் தம்பி (7.48)
அப்படி எரித்த காலத்தில் படுக்கை என்பது பாயும் இலவம்பஞ்சு மெத்தையும்தான், இரண்டும் சாம்பலாகிவிடும். இப்போதைய மெத்தையில் கம்பிக்கு மேல் இருப்பது பொலியூரித்தேன் ஸ்பொன்ஜ். அது எரியும்போது காபனோரொட்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் வெளிவரும், பக்கத்தில் நின்று கிளறுபவர் அதைத்தான் சுவாசிப்பார். எரிந்து முடிந்த பிறகும் கம்பிக்கூடு அப்படியே கிடக்கும்.

வளவும் கிணறும் (8.02)
கெரவலப்பிட்டியில் கொழும்புக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்களே, அது மட்டும் புகையில்லையா?

தெஹிவளைத் தம்பி (8.10)
2021 இல் தொடங்கிய அந்த நிலையத்தில் மூடிய உலையில், மிக உயர்ந்த வெப்பத்தில் எரித்து, வாயுவை வடிகட்டிய பின்னரே வெளியே விடுகிறார்கள். அதையும் வளவு மூலையில் மூட்டும் தீயையும் ஒன்றாக நினைக்க முடியாது, அண்ணா.

கொட்டாஞ்சேனை மருமகன் (8.31)
எரிக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். முதியோர் இல்லமொன்றுக்குக் கொடுத்தால் புண்ணியமாவது கிடைக்கும்.

மருதாணி (8.40)
நோயாளி இரண்டு வருடம் படுத்த மெத்தையில் எவ்வளவு ஈரம் இறங்கியிருக்கும் என்பது பராமரித்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் படுக்கத் தயங்கும் ஒன்றை இல்லாதவர் தலையில் கட்டுவது புண்ணியமாகாது. பாவித்த மெத்தைகள் என்ற பெயரில் பிரித்தானியாவிலிருந்து கழிவுக் கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது 2019 இல் வெளியானபோது நாங்கள் எவ்வளவு கோபப்பட்டோம்? கடைசித் தொகுதியைத் திருப்பியனுப்ப 2022 வரை போராட வேண்டியிருந்தது.

கொட்டாஞ்சேனை மருமகன் (8.47)
நான் ஒரு மெத்தையைப் பற்றிச் சொன்னேன், நீங்கள் கப்பலைக் கொண்டுவருகிறீர்கள்.

மருதாணி (8.51)
கப்பலும் ஒரு மெத்தையிலிருந்துதான் நிரம்புகிறது.

குஷன் வேலைக்காரர் (9.25)
நான் கதிரை, மெத்தை வேலை செய்பவன். ஆகையால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். மெத்தையை முழுதாகப் படிக்கட்டு வழியே இறக்க முயல வேண்டாம். கம்பிக்கூட்டை மடக்க முடியாது; பாதியில் கைநழுவினால் கீழே நிற்பவருக்குத்தான் ஆபத்து. அறையிலேயே தரையில் பொலித்தீன் விரித்து, ஜன்னல்களைத் திறந்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். விளிம்பைச் சுற்றித் தைத்திருக்கும் நாடாவைக் கூரான கத்தியால் அறுத்தால் மேலுறை போர்வைபோலக் கழன்றுவிடும். அதன் கீழே ஸ்பொன்ஜும், சில மெத்தைகளில் தும்புத் தட்டும், சிறு கம்பி வளையங்களால் கூட்டோடு பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் குறட்டால் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். ஸ்பிரிங்குகள் தனித்தனித் துணிப்பைகளில் இருந்தால் பையை அறுக்காதீர்கள்: உள்ளே அழுத்தி வைத்திருப்பதால் முகத்தை நோக்கித் துள்ளும். வெளிச்சுற்றுக் கம்பியையும் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு வெட்டுங்கள், அது விசையோடு விரியும்.

கம்பியைப் பழைய இரும்பு வாங்குபவர் எடுத்துக்கொள்வார், மருமகன் சொன்னது அந்த அளவுக்குச் சரி. வெள்ளவத்தைக் கடற்காற்றில் துருவேறியிருந்தாலும் தயங்க வேண்டாம். சுத்தமான ஸ்பொன்ஜை நாங்களே சிறு துண்டுகளாக்கி மெத்தணைக்குள் அடைப்போம். உங்களுடையதை அப்படிப் பாவிக்க யாரிடமும் கொடுக்காதீர்கள். அதையும் துணியையும் உலர்ந்த நிலையில் பைகளில் கட்டி, கணக்கன் ஐயா சொன்னதுபோல மாநகர சபையில் கேட்டு ஒப்படையுங்கள். நனையவிட்டால் ஸ்பொன்ஜ் தண்ணீரை உறிஞ்சி, தூக்க முடியாத பாரமாகிவிடும். இரண்டு பேர் செய்தால் அரை நாள் வேலை.

பழைய கணக்கன் (9.40)
நான் நேற்றிரவே இதைத்தான் சொன்னேன்.

தெஹிவளைத் தம்பி (9.43)
நீங்கள் சொன்னது கடைசி ஒரு வரியை மட்டும், ஐயா.

பழைய கணக்கன் (10.02)
அந்த வரி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீதியோரத்தில்தான் முடியும். மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் வீடுகள் மீது சரிந்தபோது நான் அந்தப் பக்கத்தில் குடியிருந்தேன். அதன் பிறகு, குப்பையை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று கேட்காமல் நான் எதையும் வீட்டுக்கு வெளியே வைப்பதில்லை.

மாடிவீட்டுக்காரி (திங்கள், இரவு 8.10)
என் தம்பியும் நானும் சனிக்கிழமை வெட்டிப் பிரித்தோம். கம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள். மற்றவை ஐந்து பைகளில் பல்கனியில் இருக்கின்றன; புதன்கிழமை காலை கீழே வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா வந்துவிட்டார். எல்லோருக்கும் நன்றி.

தும்புக்கயிறு (8.26)
உள்ளே தும்புத் தட்டு இருந்ததா? இருந்தால், ரப்பர் கலந்ததா என்று ஒரு துண்டை இழுத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா?