மறு: சோலார் பாதுகாப்புக் கையேடு: ‘லைவ்’ என்பதற்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

மாணவர் கையேட்டின் வரைவைப் படித்தேன். பல்கலைக்கழக ஆய்வுகளில் இருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதியிருப்பது நன்றாகவே வந்திருக்கிறது. ஒரே ஒரு சொல்லில்தான் எனக்குத் தகராறு. ‘லைவ்’ (தொட்டால் மின்சாரம் தாக்கும் நிலை) வரும் இடத்திலெல்லாம் ‘மின்னோட்டம் உள்ள’ என்று போட்டிருக்கிறார்கள். வேறு பாடமாக இருந்தால் பேசாமல் விட்டுவிடலாம். சோலாரில் இது ஆளைக் கொல்லும்.

எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பேச்சில் ‘கரண்ட் இருக்கு’ என்கிறோம். அந்தக் கரண்ட் மின்சாரம் முழுவதற்கும் பொதுப்பெயர், ஆம்பியரில் அளக்கும் ஓட்டம் இல்லை. அதை அப்படியே அகராதியில் தேடி எடுத்து ‘மின்னோட்டம்’ ஆக்கிவிட்டோம்.

20 பேனல்களைத் தொடராக இணைத்த ஒரு வரிசையைப் பாருங்கள். திறந்த சுற்றில், அதாவது ஓட்டம் ஓட வழியில்லாதபோது, பேனலுக்கு மின்னழுத்தம் 40 வோல்ட் என்றால் மொத்தம் 800. ஐசொலேட்டரை, அதாவது இணைப்பைப் பிரிக்கும் ஸ்விட்சை, அணைத்தாயிற்று. பேனல் பக்கக் கம்பியில் டாங் டெஸ்டரை (கம்பியைக் கவ்வி ஓட்டத்தை அளக்கும் கருவி) மாட்டினால் சுழியம் காட்டும், ஓட்டம் உண்மையிலேயே இல்லை. கையேட்டின்படி இது ‘மின்னோட்டம் இல்லாத கம்பி’. அதை நம்பி ஒரு பையன் இரு முனைகளையும் தொட்டால், அதுவரை இல்லாத ஓட்டம் அவன் உடம்பு வழியாகத் தொடங்கும்.

மேகம் வந்தாலும் இதே கதைதான். வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் ஓட்டமும் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிறது. திறந்த சுற்று மின்னழுத்தமோ பத்து சதவீத அளவில்தான் இறங்கும். அமெரிக்காவின் யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 2011இல் வெளியிட்ட தீயணைப்பு ஆய்வில், இரவில் தீயணைப்பு வண்டியின் விளக்கொளியோ எரியும் தீயின் வெளிச்சமோகூட பேனலில் ஆபத்தான மின்சாரத்தை உண்டாக்கலாம் என்று கண்டார்கள். அந்நாட்டு மின் விதித்தொகுப்பின் 2017 பதிப்பும், அவசரத்தில் நிறுத்தினால் 30 வினாடிக்குள் பேனல் பரப்புக்கு வெளியே 30 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. பரப்புக்குள் 80 வோல்ட் வரம்பு என்பது அது ஏற்கும் வழிகளில் ஒன்று. வரம்பு வோல்ட்டில் சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள், ஆம்பியரில் இல்லை.

சரி, மாற்றுச்சொல்? ‘உயிர்க்கம்பி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இலங்கைப் பாடநூல்களில் பழகிய சொல், அழகாகவும் இருக்கிறது. ஆனால் அது ஏசி (மாறுதிசை மின்சார) வயரிங்கில் மூன்றில் ஒரு கம்பியின் பெயர். சோலாரின் டிசி (நேர்திசை மின்சார) பக்கத்தில் நேர், எதிர் இரண்டுமே ஆபத்து. ஒன்றை மட்டும் உயிர்க்கம்பி என்றால் மற்றது பரவாயில்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். ‘மின்னேறிய’ என்றால் பேட்டரி சார்ஜ் ஆகிறது என்ற நினைப்பு வரும். ‘மின்னழுத்தமுள்ள’ என்பதில் பொருட்பிழை இல்லை, எச்சரிக்கைப் பலகையில்தான் அடங்காது.

‘கரண்ட் இருக்கு’ என்பதிலிருந்தே எடுத்து ‘மின்னிருப்பு’ என்று வைக்கலாமா?

அன்புடன்.

* * *

ஐயா, வணக்கம்.

மின்னோட்டத்தை எடுத்தே ஆக வேண்டும், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. மின்னிருப்பு மட்டும் வேண்டாமே. இருப்பு என்றால் கையிருப்பு. ‘மின்னிருப்பு உள்ளதா என்று பார்’ என்றால் மாணவர்கள் பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று பார்க்கப் போவார்கள்.

நேராக ‘மின்னுள்ள’, ‘மின்னற்ற’ என்று வைத்தால் என்ன? பலகையில் ‘மின்னுள்ளது, தொடாதே’ என்று எழுத முடியும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. வரைவு ‘துண்டித்தல்’ என்ற ஒரே சொல்லை ஐசொலேட்டரை அணைப்பதற்கும், கம்பியில் மின்சாரமே இல்லாமல் போவதற்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறது. வீட்டு ஏசி வயரிங்கில் மெயினை அணைத்தால் அதற்குப் பின்னால் உள்ள கம்பிகளில் மின்சாரம் இராது, அதனால் இந்தக் குழப்பம் அங்கே உறைக்கவில்லை. இங்கே சூரியனுக்கு ஸ்விட்ச் கிடையாது. ‘துண்டித்த கம்பியும் பேனல் பக்கம் மின்னுள்ளதே’ என்று இனி ஒரே வரியில் எழுதிவிடலாம்.

அப்புறம், ‘துண்டி’ என்று கட்டளையாக வரும் இடங்களில் எதை என்று சேர்த்துச் சொல்லுங்கள். யாராவது கனெக்டரையே பிடுங்கிவிடப் போகிறார்கள். மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் தீப்பொறி தொடர்ந்து எரியும். 50 ஹெர்ட்ஸ் ஏசி வினாடிக்கு 100 முறை சுழியத்தைத் தொடுவதால் பொறி அணைய வாய்ப்பு இருக்கிறது. டிசியில் அது கிடையாது.

* * *

மின்னுள்ள, மின்னற்ற: எனக்கு முழுச் சம்மதம்.

பெயர்ச்சொல் வேண்டும் என்று யாரும் ‘மின்னுண்மை’ பக்கம் போய்விடாதீர்கள். இலக்கணப்படி உள்ளது என்பதன் தன்மைதான் உண்மை, ஆனால் வகுப்பே சிரித்துவிடும். ‘மின்னுள்ள நிலை’ போதும்.

செய்முறையில் டாங் டெஸ்டரை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பார்க்கும் சோதனையைப் போடுகிறேன். மாணவர் கையில் ஒற்றைச் சிறு பேனல் மட்டும், 20 வோல்ட்டைத் தாண்டாதது. முதலில் வெயிலில், பிறகு அட்டையால் பாதி மறைத்து, பிறகு அறைக்குள் என்று அவர்களே எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும்.

டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரைப் பற்றிய பகுதியில் ‘அணைத்ததும் திறக்கலாம்’ என்ற வரியும் போக வேண்டும். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. தயாரிப்பாளர் குறித்த நிமிடங்கள் கழிந்து, மீட்டரில் பார்த்து உறுதி செய்யும்வரை அதுவும் மின்னுள்ளதுதான். திருத்திய பக்கங்களை நாளை அனுப்புகிறேன்.