ஞாயிறு மாலை தரமணிக்கு யார் வருகிறீர்கள்?

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை 4 மணிக்குத் தரமணியில் எண்களின் கணிதம் பற்றிப் பொதுமக்களுக்கான சொற்பொழிவு. தமிழில் பேசுகிறார்கள். கட்டணம் இல்லை. நிலாவைக் கட்டாயம் அழைத்துப் போக வேண்டும். பறக்கும் ரயில் படிக்கட்டில் என்னால் தனியாக ஏற முடியாது, யாராவது துணைக்கு வாருங்கள்.

முரளி: ஞாயிறா?

சுமதி அத்தை: அன்றுதானே ரேவதி வளைகாப்புக்குப் புடவை எடுக்கத் தி. நகர் போவதாகப் பேச்சு?

கவிதா: பெரியப்பா, நிலாவுக்கு ஞாயிறு 4 முதல் 6 வரை கணக்கு டியூஷன். அரையாண்டில் 41 மதிப்பெண். விட முடியாது.

பெரியப்பா: டியூஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை அம்மா. அங்கே தேர்வுக்கான கணக்கு சொல்லித் தருகிறார்கள், அதுவும் தேவைதான். ஆனால் கணக்கு ஒருவருக்கு ஏன் பிடித்துப்போகிறது என்பதை அந்தப் பிள்ளை இன்னும் பார்க்கவே இல்லை. ஒன்று சொல்கிறேன், எல்லோரும் படியுங்கள். 4 என்ற எண்ணைக் கூட்டலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஆக 5 விதம். 5-ஐ 7 விதமாகப் பிரிக்கலாம். 10-ஐ 42 விதமாக. 100-க்குப் போனால் 19,05,69,292 விதம்! வெறும் கூட்டல்தான், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அதற்குள் இவ்வளவு இருக்கிறது.

சுமதி அத்தை: நம் வீட்டு நான்கு பங்கு 3+1 என்றுதான் பிரிந்தது. நீங்கள் மூவரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

சேகர் சித்தப்பா: அக்கா, அது இப்போது எதற்கு?

சுமதி அத்தை: அண்ணன்தான் தொடங்கினார்.

முரளி: தி. நகருக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம்?

பெரியப்பா: சுமதி, நியாயம் உன் பக்கம் என்று நான் அன்றே சொன்னேன்.

சுமதி அத்தை: கையெழுத்துப் போட்ட பிறகு சொன்னீர்கள்.

நிலா: பெரிய தாத்தா, 6-க்கு 11 விதமா? எழுதிப் பார்த்தேன்.

கவிதா: நிலா, நீ தூங்கவில்லையா?

பெரியப்பா: 11 சரி! கண்ணே, இன்னொன்று பார். 4-க்கு 5 விதம். 9-க்கு 30. 14-க்கு 135. 19-க்கு 490. என்ன தெரிகிறது?

நிலா: எல்லாம் 5-ஆல் வகுபடுகிறது. அடுத்தது 24-ஆ?

பெரியப்பா: அதேதான்! 24-க்கு 1575. இப்படி 4-இலோ 9-இலோ முடியும் எந்த எண்ணை எடுத்தாலும், எவ்வளவு பெரியதானாலும், விடை 5-ஆல் வகுபடும். மேக்மஹோன் என்பவர் கணினி இல்லாத காலத்தில் 200 வரைக்கும் இந்தக் கணக்கைக் கையாலேயே போட்டு அட்டவணை தயாரித்தார். இளம் வயதில் மதராஸில் ராணுவப் பணி பார்த்தவர் அவர். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு இந்த ஒழுங்கைக் கண்டுபிடித்து, நிரூபணமும் எழுதி 1919-இல் வெளியிட்டவர் ராமானுஜன். 1912-இல் நம் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தராக இருந்தவர், நம் திருவல்லிக்கேணியில் குடியிருந்தவர். 1920-இல் சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32. மனைவி ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து பிழைத்தார். 1994 வரை இருந்தார்.

சுமதி அத்தை: பாவம் அந்த அம்மாள். தையல் என்றதும் ஞாபகம் வந்தது. கவிதா, என் ரவிக்கை?

கவிதா: வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்கிறார் அத்தை.

சுமதி அத்தை: போன வாரமும் வெள்ளிக்கிழமைதான் சொன்னார். வளைகாப்புக்கு நான் எதை உடுத்துவது?

ரேவதி: எனக்குப் பச்சைப் புடவை போதும். யாரும் அலைய வேண்டாம்.

சுமதி அத்தை: நீ பேசாமல் படு.

நிலா: தாத்தா, 7-க்கும் இப்படி உண்டா?

பெரியப்பா: உண்டு. 5-இல் தொடங்கி ஏழு ஏழாகத் தாண்டு. 5-க்கு 7 விதம், 12-க்கு 77, 19-க்கு 490. மூன்றும் 7-ஆல் வகுபடும். 11-க்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஏன் அப்படி என்று ஞாயிற்றுக்கிழமை நீயே எழுந்து நின்று கேள். கேள்வி கேட்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கவிதா, இதைப் படித்தாயா? நான் எதுவும் சொல்லித் தரவில்லை, அவளே கண்டுபிடித்தாள்.

கவிதா: படித்தேன் பெரியப்பா.

கவிதா: டியூஷனைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கிறேன். இப்போதே உறுதி சொல்ல முடியாது.

சேகர் சித்தப்பா: நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் அண்ணா. திரும்பி வரும்போது ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

சுமதி அத்தை: நானும் வருகிறேன். புடவையைக் காலையில் எடுத்துவிடலாம்.

பெரியப்பா: வா சுமதி. முன் வரிசையில் உனக்கும் இடம் பிடிக்கிறேன்.

முரளி: காலையில் என் வண்டி சர்வீஸில் இருக்கிறது. அப்படியானால் தி. நகருக்கு யார் கார்?