மறுமொழி: டெட்ரைட்டஸ் – மட்குப்பொருளா, கூளமா?

வணக்கம். செத்த உயிர்களின் துண்டு துணுக்கும் எச்சமும் சிதைந்துகொண்டிருக்கும் கலவைக்குச் சூழலியலில் டெட்ரைட்டஸ் (detritus) என்று பெயர். அதைத் தமிழில் 'கூளம்' எனலாம் என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இது மறுமொழி.

> பாடநூலில் 'மட்குப்பொருள்' இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

நியாயமான கேள்வி, ஐயா. புழங்குகிற சொல்லைக் கலைப்பதில் எனக்கும் விருப்பமில்லை. ஆனால் மட்கு என்பது ஹியூமஸுக்கு ஏற்கெனவே வாக்கப்பட்ட சொல். சிதைவெல்லாம் ஓய்ந்து, மேற்கொண்டு எளிதில் சிதையாமல் மண்ணோடு தங்கிவிட்ட கரும்பொருள் அது. டெட்ரைட்டஸ் அந்த இடத்துக்கு இன்னும் போய்ச் சேராதது. நேற்று விழுந்த இலை, நண்டு கழற்றிப்போட்ட ஓடு, புழுவின் எச்சம், செத்த பாசி எல்லாம் அதில் சேர்த்தி. இரண்டையும் மட்கு என்றால், டெட்ரைட்டஸிலிருந்து ஹியூமஸ் உண்டாகிறது என்பதை எப்படி எழுதுவது? மட்கிலிருந்து மட்கு உண்டாகிறது என்றா?

பிச்சாவரம் மாதிரி ஓர் அலையாத்திக் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுரபுன்னை இலை மரத்தில் பச்சையாக இருக்கும்போது அதைத் தின்ன வருபவை குறைவு. டானின் துவர்ப்பு, தழைச்சத்தும் (நைட்ரஜன்) சொற்பம். பழுத்து விழுந்தபின்தான் கிராக்கி. சிலவற்றை நண்டுகள் வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். மீதி நீரில் ஊறி, கரையக்கூடியதெல்லாம் முதலில் கசிந்து போகும். பிறகு பூஞ்சையும் பாக்டீரியாவும் படர்ந்து, சுற்றியுள்ள நீரிலிருக்கும் நைட்ரஜனையும் இழுத்துத் தம் உடலாக்கிக்கொள்வதால், இலை நைய நைய அதில் புரதத்தின் விகிதம் ஏறுகிறது. அந்தத் துணுக்கை இறால் விழுங்கினால் நன்றாகச் செரிப்பது மேலே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்தான். நார் பெரும்பாலும் எச்சமாக வெளியே வந்துவிடும். அதன்மேல் மறுபடி நுண்ணுயிர் படரும், மறுபடி ஏதோ ஒன்று தின்னும். ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகப் போகிறது, போனது போனதுதான். நைட்ரஜனும் பாஸ்பரஸும் கைமாறிக்கொண்டே இருக்கும். 1970களில் ஃபுளோரிடா அலையாத்திகளில் ஓடம் (Odum), ஹீல்ட் (Heald) என்ற சூழலியலாளர்கள் எடுத்துக்காட்டிய சங்கிலி இதுதான். 'மக்கிப்போச்சு' என்றால் நம் காதில் அது முடிந்துபோன காரியம். இங்கே அப்போதுதான் பந்தி போடுகிறார்கள்.

> 'சிதைபொருள்' போதாதா?

சிதைவு, சிதைப்பான், சிதைபொருள் மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் படிக்கிற பிள்ளை திணறிவிடும். இலங்கை நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவர்களிடம் சிதைப்பானுக்குப் பிரிகையாக்கி என்ற சொல் இருக்கிறது.

நான் முன்வைப்பது 'கூளம்'. போரடித்த களத்தில் மிஞ்சும் துண்டு துணுக்கு வைக்கோல் கூளம். குப்பைகூளம் என்றால் இன்னதென்று பிரிக்க முடியாத கலவை. சிறிது, கலந்தது, எதிலிருந்து வந்தது என்று கேட்காதது: மூன்றுமே டெட்ரைட்டஸுக்குப் பொருந்தும். முழு இலையாகத் தரையில் கிடப்பதற்குச் 'செத்தை' இருக்கட்டும். கூளச் சங்கிலி (கூளத்தில் தொடங்கும் உணவுச் சங்கிலி), கூளவுண்ணி (கூளத்தைத் தின்னும் உயிர்) என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. உண்ணி என்றால் மாட்டு உண்ணி நினைவுக்கு வருகிறதே என்பவர்கள் தாவரவுண்ணியை ஏற்றுக்கொண்டவர்கள்தானே.

ஓரத்துச் சொல்தானே என்று விட்டுவிடவும் முடியாது. காட்டில் பச்சை இலையாக மேயப்படுவது சிறு பங்கு. பெரும்பங்கு கூளத்தின் வழியாகத்தான் போகிறது. மினசோட்டாவின் சீடர் பாக் ஏரியை ஆராய்ந்து சூழலியலாளர் லிண்டெமன் எழுதி 1942இல் வெளியான கட்டுரையின் உணவுச் சுழற்சிப் படத்தைப் பாருங்கள். நட்டநடுவில் 'ஊஸ்', அதாவது ஏரியடிக் கொழகொழச் சேறு, உட்கார்ந்திருக்கும். மிதவையுயிர்களும் மீன்களும் அதைச் சுற்றித்தான்.

கூளத்தில் எனக்கே இடிக்கிற இடம் ஒன்று உண்டு. அதில் காய்ந்த வாடை அடிக்கிறது. மேற்பரப்பிலிருந்து ஆழ்கடலுக்குப் பிசுபிசுத்த துகள்களாக இறங்கிக்கொண்டே இருக்கும் 'கடற்பனி'யும் டெட்ரைட்டஸ்தான். அதையும் கூளம் என்று எழுதக் கை வருமா? குழுவில் கடலியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.