ஸ்டீம் குடும்பத்தில் சேர்த்த பிறகும் மகனுக்குச் சில விளையாட்டுகள் தெரியவில்லை. மீதமுள்ள இடங்களில் யாரைச் சேர்ப்பது?

பொருநைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நான், என் கொழுந்தனார், 16 வயது மகள், 14 வயது மகன் ஆகிய நால்வருக்கும், கணினி விளையாட்டுகளை வாங்கி ஆடும் இணையத் தளமான ஸ்டீமில் தனித்தனிக் கணக்குகள் உள்ளன. தள்ளுபடிக் காலங்களில் நான் வாங்கிச் சேர்த்தவையும் கொழுந்தனார் வாங்கியவையும் வீட்டில் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று 'ஸ்டீம் ஃபேமிலீஸ்' அமைத்து, எங்கள் இருவரையும் பெரியவர்களாகவும் பிள்ளைகள் இருவரையும் சிறுவர்களாகவும் பதிந்திருக்கிறேன். பெரும்பாலானவை ஒழுங்காக வருகின்றன. ஆனால் சில சந்தேகங்கள் தீரவில்லை.

முதலாவது, என் கணக்கிலுள்ள சில விளையாட்டுகள் பிள்ளைகள் இருவருக்குமே தெரியவில்லை. வேறு சில மகளுக்குத் தெரிகின்றன, மகனுக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டாவது, நான் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கும்போது மகள் அதைத் திறந்தால் பிரதி இல்லை என்ற அறிவிப்பு வருகிறது. நான் வேறொரு விளையாட்டில் இருந்தால் அவளுக்குத் தடையில்லை. மூன்றாவது, பிள்ளைகள் இருவரும் கூடத்தில் இருக்கும் ஒரே கணினியைத்தான் பயன்படுத்துகிறார்கள். மகன் தன் ஸ்டீம் கணக்கில் நுழைந்து ஸ்டார்டியூவைத் திறந்தாலும் அக்காளுடைய பண்ணை அவன் பட்டியலில் நிற்கிறது. அவளுக்குத் தெரியாமல் அறுவடையை விற்றுவிட்டான் என்று வீட்டில் ஒரு வழக்கே நடந்து முடிந்தது.

கடைசியாக, இன்னும் இரண்டு இடங்கள் காலியாக உள்ளன. சென்னையில் இருக்கும் என் தம்பியும் சிங்கப்பூரில் படிக்கும் நாத்தனார் மகனும் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறார்கள். மகனுடைய பள்ளி நண்பன் ஒருவனும் கேட்கிறான். யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேகமலை

நான் நெடுநாளாகப் பயன்படுத்தி வரும் முறையைச் சொல்கிறேன். பிள்ளைகளின் கணினியில் உங்கள் கணக்கில் நுழைந்து, அமைப்புகளில் அந்தக் கணினிக்கு அனுமதி கொடுத்துவிட்டு வெளியேறினால் போதும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அந்த நூலகத்தைத் தொட முடியும். நீங்கள் எந்த விளையாட்டைத் திறந்தாலும், இரவல் வாங்கியவர் சில நிமிடங்களில் வெளியேற வேண்டியிருக்கும்.

கணினிக்கிழார்

மேகமலை அவர்கள் சொல்வது 2013இல் சோதனைக்கு வந்த பழைய 'ஃபேமிலி ஷேரிங்' முறை. கணினிகளுக்கு அனுமதி கொடுப்பது, மொத்த நூலகத்தையும் ஒருவர் மட்டும் பூட்டிக்கொண்டு ஆடுவது ஆகியவை அதன் இயல்புகள். 2024 மார்ச்சில் சோதனையாகவும் அதே ஆண்டு செப்டம்பரில் எல்லோருக்குமாகவும் வந்த 'ஸ்டீம் ஃபேமிலீஸ்' அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இப்போது பூட்டு நூலகத்துக்கு அல்ல, ஒவ்வொரு பிரதிக்கும்தான். குடும்பத்தில் ஆறு பேர் வரை இருக்கலாம். ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஆறு வெவ்வேறு விளையாட்டுகளை, அவை எல்லாமே ஒரே ஒருவருடைய கணக்கில் வாங்கப்பட்டவையாக இருந்தாலும், தடையின்றி ஆடலாம். ஒரே விளையாட்டை இருவர் ஒரே நேரத்தில் ஆட வேண்டுமானால் குடும்பத்துக்குள் அதற்கு இரண்டு பிரதிகள் இருக்க வேண்டும். பொருநைக்கரை அவர்களின் இரண்டாவது சந்தேகத்துக்கு இதுவே விடை. உங்கள் வீட்டில் எதுவும் பழுதாகவில்லை.

முதல் சந்தேகத்தில் இரண்டு வேறு காரணங்கள் கலந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். பிள்ளைகள் இருவருக்குமே தெரியாதவற்றை முதலில் பாருங்கள். இலவச விளையாட்டுகள் பகிர்வில் வாரா, ஏனெனில் அவற்றை அவரவரே எடுத்துக்கொள்ளலாம். வேறொரு நிறுவனத்தின் கணக்கையோ தனிச் சந்தாவையோ தனிக் குறியீட்டையோ கேட்கும் விளையாட்டுகளும் வருவதில்லை. இவை தவிர, தம் விளையாட்டைப் பகிர வேண்டாம் என்று விலக்கிக்கொள்ளும் உரிமை தயாரிப்பாளர்களுக்கு உண்டு. ஸ்டீம் கடையில் அந்த விளையாட்டின் பக்கத்தைத் திறந்து, வலப்புறம் உள்ள வசதிகளின் பட்டியலில் 'ஃபேமிலி ஷேரிங்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். வரி இல்லையென்றால் பகிர்வும் இல்லை. அதற்கு நீங்கள் மாற்றக்கூடிய அமைப்பு ஏதுமில்லை. இனி பகிர்வதற்கென்றே ஒன்றை வாங்குவதானால், பணம் கட்டுமுன் அந்த வரியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மகளுக்குத் தெரிந்து மகனுக்கு மட்டும் தெரியாதவை வேறு வகை. மகன் கணக்குக்கு மட்டும் பெற்றோர் கட்டுப்பாடு ஏதேனும் வைத்திருக்கிறீர்களா?

பொருநைக்கரை

ஆம் ஐயா. அவன் பள்ளி நாட்களில் இரவு வெகுநேரம் ஆடுகிறான் என்பதற்காக நேர வரம்பு வைத்தேன். அப்போதே அவன் வயதுக்கு ஏற்ற விளையாட்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறித்ததாகவும் நினைவு. மகளுக்கு அப்படி எதுவும் வைக்கவில்லை.

கணினிக்கிழார்

அப்படியானால் அதுதான். தேர்ந்தெடுத்த விளையாட்டுகள் மட்டும் என்று ஒரு சிறுவர் கணக்குக்கு வரம்பு வைத்துவிட்டால், அந்தப் பட்டியலில் இல்லாத எதுவும், அது குடும்பத்தில் பகிரப்பட்டதாகவே இருந்தாலும், அந்தக் கணக்கில் திறக்காது. கணக்கு விவரங்களில் உள்ள குடும்ப நிர்வாகப் பக்கத்துக்குச் சென்று, மகன் பெயரைத் தேர்ந்தெடுத்து, அவனுக்கு விடுபட்டவற்றைக் குறித்துவிடுங்கள். நேர வரம்பைத் தொட வேண்டியதில்லை. அது தனி அமைப்பு. அவன் கூடுதல் நேரம் கேட்டால் உங்கள் கைப்பேசியிலிருந்தே ஒப்புதல் தரலாம்.

நிழல்வீரன்

அக்கா, பண்ணை வழக்குக்கு நான் விடை சொல்கிறேன். இது குடும்பப் பகிர்வோடு தொடர்புடையதே அல்ல. ஸ்டீமைப் பொறுத்தவரை ஒவ்வொருவருக்கும் தனிச் சேமிப்பு, தனிச் சாதனைகள் என்பதே விதி. யாருடைய பிரதியை ஆடினாலும் முன்னேற்றம் ஆடுபவரின் கணக்கில்தான் சேரும். ஆனால் சேமிப்புக் கோப்பைக் கணினியில் எங்கே வைப்பது என்பதை ஒவ்வொரு விளையாட்டும் தானே முடிவு செய்கிறது. சில விளையாட்டுகள் ஸ்டீம் கணக்கு எண்ணின் பெயரில் தனிக் கோப்புறை உருவாக்கிக்கொள்கின்றன. ஸ்டார்டியூ வேலி அப்படிச் செய்வதில்லை. விண்டோஸ் பயனரின் 'ஆப்டேட்டா' கோப்புறைக்குள் ஒரே இடத்தில் எல்லாப் பண்ணைகளையும் வைக்கிறது. எனவே ஒரே விண்டோஸ் பயனராக நுழைந்து ஸ்டீம் கணக்கை மட்டும் மாற்றிக்கொண்டால், இருவருடைய பண்ணைகளும் இருவருக்கும் தெரியத்தான் செய்யும்.

அந்தக் கணினியில் அக்காளுக்கும் தம்பிக்கும் தனித்தனி விண்டோஸ் பயனர் கணக்குகளை உருவாக்கிவிடுங்கள். விளையாட்டுகளை மறுபடியும் பதிவிறக்க வேண்டியதில்லை, ஏனெனில் ஸ்டீம் நிறுவியிருக்கும் கோப்புறை எல்லாப் பயனர்களுக்கும் பொதுவானது. ஆனால் மாற்றுவதற்கு முன் சேமிப்புக் கோப்புறையை முழுவதுமாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டு, சேமிப்பை இணையத்தில் நகலெடுத்து வைக்கும் ஸ்டீம் கிளவுடையும் பயன்படுத்துவதால், இதுவரை கலந்து கிடந்த பண்ணைகள் இருவருடைய கிளவுடுக்கும் சேர்ந்தே போயிருக்கக்கூடும். மகள் தன் பண்ணையைத் தன் புதிய பயனர் கணக்கில் திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறதென்று பார்த்த பிறகே, மகனுடைய பட்டியலிலிருந்து அதை விளையாட்டுக்குள்ளேயே நீக்குங்கள். இந்த வரிசை மாறினால் அடுத்த வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

அடையாற்று ஆந்தை

சகோதரி, இடங்களைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் விளையாட்டு அமைப்புகளை நாளைக்கே மாற்றிவிடலாம், இடத்தை அப்படி மாற்ற முடியாது. பெரியவர் ஒருவர் குடும்பத்தை விட்டு எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் அவர் இந்தக் குடும்பத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும் வரை வேறொரு குடும்பத்தில் சேரவோ புதிதாக ஒன்றைத் தொடங்கவோ முடியாது. அவர் காலி செய்த இடத்துக்கும் அதே ஓராண்டுக் கணக்கு உண்டு. நண்பனை இந்த மாதம் சேர்த்து அடுத்த மாதம் நீக்கிவிட்டு அவ்விடத்தில் தம்பியைச் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிங்கப்பூர் மருமகனைச் சேர்க்க வழியில்லை. குடும்ப உறுப்பினர்கள் அனைவரும் ஒரே நாட்டுக் கடையைப் பயன்படுத்துபவர்களாக இருக்க வேண்டும். இந்தியக் கடையின் ரூபாய் விலையும் சிங்கப்பூர் கடையின் டாலர் விலையும் வேறு வேறு என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தக் கட்டுப்பாட்டின் நோக்கம் புரியும். அவர் கணக்கில் நாட்டை மாற்றிக் காட்டிச் சேர்க்க முயல வேண்டாம். வேறு நாட்டுக் கடையில் இருப்பதாக நடிப்பது ஸ்டீமின் ஒப்பந்தத்துக்கு முரணானது, சிக்கல் வந்தால் அவருடைய கணக்குக்குத்தான் வரும்.

சென்னைத் தம்பியின் நிலை இடைப்பட்டது. விதியின்படி இது ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கானது. உறவினர் என்பது மட்டும் போதாது. உங்கள் தம்பிக்குத் தனி வீடும் தனிக் குடும்பமும் இருந்தால், எதிர்காலத்தில் அவர் தம் மனைவி மக்களோடு சொந்தமாக ஒன்று அமைக்க விரும்புவார் என்பதையும் யோசியுங்கள். உங்களிடம் சேர்ந்தால் அந்த ஓராண்டு அவருக்கும்தான் பூட்டு.

பள்ளி நண்பனைச் சேர்க்கவே வேண்டாம். குடும்ப உறுப்பினர் ஒருவர் உங்கள் பிரதியை ஆடும்போது ஏமாற்று நிரலைப் பயன்படுத்திப் பிடிபட்டால், அந்த விளையாட்டில் அவருக்கு விதிக்கப்படும் தடை பிரதியின் உரிமையாளரான உங்களுக்கும் சேர்த்தே விழும். மற்ற உறுப்பினர்கள் தப்பிவிடுவார்கள், நீங்கள் தப்ப முடியாது. உங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லலாம். அடுத்த வீட்டுப் பிள்ளையை எவ்வளவுதான் கண்காணிக்க முடியும்?

மேகமலை

புதிய முறையைப் பற்றிச் சொன்னமைக்கு நன்றி, கணினிக்கிழார் அவர்களே. ஒரு கேள்வி: நண்பனைச் சேர்க்காமல், கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து ஒரு விளையாட்டை ஆடச் சொன்னால் என்ன? இடமும் வீணாகாது அல்லவா?

அடையாற்று ஆந்தை

கூடாது, ஐயா. கணக்கைப் பிறரோடு பகிர்வது ஒப்பந்தத்துக்கே எதிரானது. அதோடு கடவுச்சொல் கையில் கிடைத்தவருக்கு விளையாட்டு மட்டுமன்றி, அந்தக் கணக்கில் சேமித்திருக்கும் பணமும் பொருள்களும் சேர்ந்தே திறந்துவிடுகின்றன.

நிழல்வீரன்

நண்பனுக்கும் சிங்கப்பூர் மருமகனுக்கும் விதிக்குள்ளேயே வழி இருக்கிறது. ஸ்டீமில் 2019 முதல் 'ரிமோட் பிளே டுகெதர்' என்ற வசதி உண்டு. ஒரே திரையில் பலர் ஆடக்கூடிய விளையாட்டு எதுவாயினும், அதை வாங்கியவர் தம் கணினியில் திறந்து நண்பரை இணையவழியாக அழைக்கலாம். நண்பர் அதை வாங்கியிருக்க வேண்டியதில்லை, அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதும் பொருட்டில்லை. படம் உங்கள் கணினியிலிருந்து அவருக்குப் போவதால் உங்கள் இணைய இணைப்பின் பதிவேற்ற வேகம் நன்றாக இருக்க வேண்டும்; சிங்கப்பூர் வரை போகும்போது சிறு தாமதம் தெரியும், ஆகவே வேகச் சண்டை விளையாட்டுகளை எதிர்பார்க்காதீர்கள். 'இட் டேக்ஸ் டூ' போன்ற சில விளையாட்டுகளில், ஒருவர் வாங்கினால் அவரோடு சேர்ந்து ஆடும் நண்பர் இலவசமாக இறக்கிக்கொள்ளும் 'ஃபிரெண்ட்ஸ் பாஸ்' என்ற ஏற்பாடும் இருக்கிறது.

ஸ்டார்டியூவிலேயே 2020 இறுதியில் வந்த 1.5 பதிப்பு முதல் திரையைப் பிரித்து ஆடும் வசதி உண்டு. பிள்ளைகள் இருவரும் ஒரே கணினியில் ஒரே பண்ணையைச் சேர்ந்து நடத்த ஒரு பிரதியே போதும். கூடுதலாக ஒரு கேம்பேட் வேண்டும்.

பொருநைக்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. மகனுடைய பட்டியலில் விடுபட்டவற்றைக் குறித்தவுடன் அவனுக்கு வந்துவிட்டன. இருவருக்கும் தெரியாதவற்றில் ஒன்று இலவச விளையாட்டு. மற்றவற்றின் கடைப் பக்கங்களில் நீங்கள் சொன்ன வரி இல்லை. தனி விண்டோஸ் பயனர்களை உருவாக்கிப் பண்ணைகளைப் பிரித்தாயிற்று. தம்பியிடம் பேசினேன்; அவன் தன் வீட்டுக்குத் தனியாக அமைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். இரண்டு இடங்களையும் இப்போதைக்குக் காலியாகவே விடுகிறேன்.

இன்னும் ஒன்று மட்டும். திரையைப் பிரித்து ஆடப் பிள்ளைகளுக்கு விருப்பமில்லை, தனித்தனியாகத்தான் வேண்டுமாம். அடுத்த தள்ளுபடியில் ஸ்டார்டியூவுக்கு இரண்டாவது பிரதி வாங்குவதானால் அதை யாருடைய கணக்கில் வாங்குவது? கொழுந்தனாரிடம் இருக்கும் வேறொரு விளையாட்டுக்குத் துணைத்தொகுப்பு (அதோடு சேர்த்து ஆடும் கூடுதல் பகுதி) வாங்கவும் எண்ணியிருக்கிறேன். அதை என் கணக்கில் வாங்கினால் எல்லோருக்கும் கிடைக்குமா?

கணினிக்கிழார்

துணைத்தொகுப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் கொழுந்தனார் கணக்கிலேயே வாங்குங்கள். அவருடைய பிரதியை ஆடுபவருக்கு அவர் வாங்கிய துணைத்தொகுப்புகள் கிடைக்கும். ஒருவருடைய விளையாட்டோடு இன்னொருவருடைய துணைத்தொகுப்பை ஒட்டி ஆட முடியாது.

இரண்டாவது ஸ்டார்டியூவை மகன் அல்லது மகள் கணக்கில் வாங்குவதே சரி. குடும்பத்தை விட்டு ஒருவர் விலகும்போது அவருடைய விளையாட்டுகளும் அவரோடு போய்விடும். இரவலில் ஆடியவருக்குச் சேமிப்பு மட்டும் மிஞ்சும், ஆடப் பிரதி இருக்காது. உங்கள் மகள் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் கல்லூரிக்குப் போவாள், பிறகு தனக்கென்று ஒரு குடும்பக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தப் பண்ணையின் மேல் அதிக ஈடுபாடு உள்ளவள் அவள் என்றால் அவள் கணக்கில் வாங்குங்கள். உங்கள் பிரதி உங்களுக்கும் மகனுக்கும் இருக்கும். அவள் கூடையில் போட்டுக் கோரிக்கை அனுப்பினால், நீங்கள் கைப்பேசியிலேயே பணம் கட்டலாம்; பிரதி அவள் கணக்கில் சேரும். மூவரும் ஒரே நேரத்தில் பண்ணைக்குள் இறங்க விரும்பினால் மூன்றாவது பிரதி வேண்டியிருக்கும்.