ஆம்னியில் கூலன்ட்டும் ஹோஸ்களும் மாற்றிய பின் வெப்பமுள் ஏறுகிறது, கேஸில் ஓட்டினால் வேப்பரைசரில் பனி படிகிறது

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 1999ஆம் ஆண்டு மாடல் மாருதி ஆம்னி இருக்கிறது. கார்புரேட்டர் வைத்த 796 சிசி என்ஜின். பிறகு எல்பிஜி கிட் பொருத்தப்பட்டது; திரவ கேஸை வாயுவாக மாற்றும் அதன் பாகம்தான் வேப்பரைசர். மேல் ஹோஸ் கெட்டித்துப்போய், விரலால் அழுத்தினாலே முனையில் வெடிப்புகள் தெரிந்தன. கூலன்ட்டும் துரு நிறத்துக்கு வந்திருந்தது. ஆகவே மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பைபாஸ் ஹோஸ், வேப்பரைசருக்குப் போய்வரும் இரண்டு சிறிய ஹோஸ்கள் ஆகிய அனைத்தையும் வீட்டிலேயே மாற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, புதிய கூலன்ட் ஊற்றினேன். எங்கும் ஒழுகவில்லை. ஆனால் பெட்ரோலில் ஓடும்போது வெப்பமுள் பாதியைத் தாண்டிப் போகிறது, ஃபேனோ சுற்றுவதே இல்லை. கேஸுக்கு மாற்றினால் சற்று நேரத்தில் வேப்பரைசரின் மேல் வெண்பனி படிந்து, என்ஜின் திணறி நின்றுவிடுகிறது. மேல் ஹோஸில் கை வைக்க முடியாத சூடு. வேப்பரைசர் ஹோஸ்கள் இரண்டும் சில்லென்று இருக்கின்றன. ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டதா? தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்காமல் இருக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்பதால் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

மறுமொழி 2:
மேலே உள்ள யோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் என்ஜின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். கேஸ் வண்டியில் வேப்பரைசரும் தாமதமாகவே சூடேறும் என்பதால் உங்கள் தொல்லை இன்னும் பெருகும். மேல் ஹோஸ் அவ்வளவு சூடாக இருப்பதே தெர்மோஸ்டாட் திறக்கிறது என்பதைக் காட்டுகிறது.

நீங்கள் குறிப்பிட்ட பனியில்தான் விடை இருக்கிறது. எல்பிஜி திரவ நிலையிலிருந்து வாயுவாக மாறும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அந்த வெப்பத்தைக் கொடுப்பதற்காகத்தான் என்ஜினின் சூடான கூலன்ட்டை வேப்பரைசருக்குள் ஓடவிடுகிறார்கள். என்ஜின் கொதிக்கும் வேளையில் வேப்பரைசர் உறைகிறது என்றால், கூலன்ட் அங்கே போய்ச் சேரவே இல்லை. காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. ஃபேன் சுற்றாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம், ஏனெனில் ஃபேனை இயக்கும் தெர்மோ சுவிட்ச் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டை உணரும்.

முதலில் வேப்பரைசர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அது ரேடியேட்டர் மூடியைவிட மேலே பொருத்தப்பட்டிருந்தால், நீங்கள் மூடி வழியாக எவ்வளவு ஊற்றினாலும் அங்குள்ள காற்று வெளியேறாது. என்ஜின் முழுவதுமாக ஆறிய பிறகு, கேஸ் சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு, வேப்பரைசரின் இரண்டு கூலன்ட் ஹோஸ்களில் மேலே உள்ளதை மட்டும் கழற்றுங்கள். கேஸ் குழாய்களில் கை வைக்கவே கூடாது. கழற்றிய ஹோஸின் வாயில் புனலை வைத்து, வேப்பரைசரின் முனையிலிருந்து குமிழியில்லாமல் கூலன்ட் வழியும் வரை மெதுவாக ஊற்றி, உடனே மாட்டிக் கிளிப்பை இறுக்குங்கள். அடுத்து, வண்டியின் முன்பக்கத்தை ஏற்றமான இடத்தில் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, பெட்ரோலில் ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாறி மாறிப் பிசைந்துகொண்டே மட்டத்தை நிரப்புங்கள். கூலன்ட் பொங்கத் தொடங்கினால் என்ஜினை நிறுத்திவிடுங்கள். சூடான நிலையில் மூடியைத் திறப்பது மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

அப்போதும் ஃபேன் சுற்றாவிட்டால், தெர்மோ சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, இரண்டு ஒயர்களையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, சாவியை ஆன் செய்து பாருங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டாரும் ஃபியூஸும் நன்றாக இருக்கின்றன, சுவிட்சை மாற்றினால் போதும்.

மறுமொழி 3:
ஹெட் கேஸ்கெட் அச்சத்தைத் தீர்த்துக்கொள்ள எளிய வழிகள் உண்டு. ஆயில் மூடியின் உட்புறத்தில் பால்கலந்த காப்பி நிறத்தில் பசை படிந்திருக்கிறதா, காலையில் ஸ்டார்ட் செய்தவுடனே, சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல்போல் விறைக்கிறதா, காற்றை முழுதும் எடுத்த பிறகும் ரேடியேட்டர் வாயில் குமிழிகள் ஓயாமல் வருகின்றனவா என்று பாருங்கள். இவை இல்லையென்றால் ஹெட்டைக் கழற்ற அவசரப்பட வேண்டாம்.

எந்தத் தண்ணீர் கலந்தீர்கள் என்று எழுதவில்லையே? போர் தண்ணீர் என்றால் அதன் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் வேப்பரைசரின் குறுகிய வழியிலும் படிந்துவிடும். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் உகந்தது. ஏற்கெனவே தண்ணீர் கலந்து விற்கும் ரெடிமிக்ஸ் என்றால் அதில் தண்ணீரே சேர்க்கக் கூடாது. சரிபாதி கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி தாங்கும் அழுத்தம் அதை இன்னும் உயர்த்தும். ஆகவே மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்திருந்தால், அதே அழுத்த அளவு அச்சிட்ட புதிய மூடியாக வாங்கி மாற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஊற்றியது ரெடிமிக்ஸ்தான், தண்ணீர் கலக்கவில்லை. வேப்பரைசர் ரேடியேட்டர் மூடியைவிட மேலேதான் இருக்கிறது. சொன்னபடி வேப்பரைசரின் மேலேயுள்ள ஹோஸைக் கழற்றி ஊற்றியபோது காற்று குபுகுபுவென்று வெளியேறியது. இப்போது வேப்பரைசர் நன்றாகச் சூடாகிறது, ஃபேனும் உரிய நேரத்தில் சுற்றி நிற்கிறது, கேஸில் திணறல் இல்லை. கேஸ்கெட் பழுதுக்கான அறிகுறிகளும் காணவில்லை. ஆனால் வேப்பரைசர் ஹோஸ் பிரியும் இடத்திலுள்ள பிளாஸ்டிக் டீ-ஜாயின்ட்டில் ஈரம் கசிகிறது. கிளிப்பை இன்னும் இறுக்கலாமா?

மறுமொழி 2:
இறுக்காதீர்கள், சூட்டில் நொறுங்கும் தன்மைக்கு வந்த பழைய பிளாஸ்டிக் ஓடும்போது உடைந்தால் கூலன்ட் மொத்தமும் வழிந்துவிடும். அதே அளவில் பித்தளை டீ வாங்கி மாட்டுங்கள். ஹோஸ் ஏறுவதற்குக் கூலன்ட்டையே தடவிக்கொள்ளுங்கள், கிரீஸோ எண்ணெயோ பட்டால் அந்த ரப்பர் ஊறிப்போகும். மாட்டிய பின் வேப்பரைசரின் காற்றை மறுபடியும் எடுத்துவிட்டு, மறுநாள் காலை என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மட்டத்தைப் பாருங்கள். வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்க வேண்டாம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு என்பதால் நாயோ ஆடோ நக்கினால் உயிர் போய்விடும்.