நீலகிரி மேட்டில் தனி அரசு ஏன் உருவாகவில்லை?

குன்னூர் வாசகர்:
மேற்காசியாவில் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் கோதுமையும் பார்லியும் பயிரானபின், சேமித்த தானியத்தைச் சுற்றியே ஊரும் வரியும் அரசும் வளர்ந்தன என்று படிக்கிறோம். நம் மலையிலும் வேளாண்மை நெடுங்காலமாக இருந்ததே. ஒரு தலைநகர்கூட ஏன் தோன்றவில்லை?

கோத்தகிரி ஆசிரியர்:
நெல்தான் காரணம் என்பேன். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் நெல் பயிரிட வழியில்லை. டிசம்பர், ஜனவரி உறைபனியில் புல்லே கருகிவிடும். சரிவுகளில் இம்மலையின் உழவர் மக்களான படகர் விதைத்த சாமையும் ராகியும் வீட்டுக்குப் போதும், படைக்குப் போதாது. எனவே மலையின் மற்ற மக்களில் எருமை வளர்க்கும் தோடர் நெய்யும், கோத்தர் மண்பானையும் கொல்லுப்பட்டறையில் அடித்த அரிவாளும், குறும்பர் தேனும் கொடுக்க, படகர் தம் அறுவடையில் பங்கு அளந்தனர். மேலே ஓர் அரசன் இல்லாமலேயே இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்தது.

உதகை வாசகி:
ஐயா, எல்லாவற்றையும் பனியின்மீது ஏற்றிவிட முடியாது. படகர் உழுத அதே மேட்டில் தோடர் ஏர் பிடிக்கவில்லை. அவர்களுடைய வழிபாடே எருமையையும், கோயிலாகவே போற்றும் பால்மனையையும் சுற்றி அமைந்தது. மேலும், அரசு இல்லாமல் இல்லை, அது மலைக்குக் கீழே இருந்தது. மைசூர் ஆட்சியாளர்கள் இங்கிருந்தும் வரி பெற்றனர்.

கூடலூர் வாசகர்:
உதகை நகரமானதும் தானிய உபரியால் அன்று. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறி வந்தபின், சமவெளி வெயிலுக்கு அஞ்சிய ஆங்கிலேய அதிகாரிகளுக்காகவே அது எழுந்தது. உருளைக்கிழங்கும் தேயிலையும் அதன்பின் பரவியவையே.